பேறுகாலப் பயணத்தில் ஒரு ஆண்டெனா

மகளுக்கு ஜூனில் பிரசவம். அவள் இருப்பது அமெரிக்காவில், நியூ ஜெர்சியில் எடிசன் என்கிற ஊர். டிக்கெட் கைக்கு வந்த அன்றே வீட்டில் எடைக் கணக்கு தொடங்கிவிட்டது. ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ. பிரசவ லேகியம், பருப்புப் பொடி, சுக்கு, வடகம், அதோடு ஒரு சின்ன இடி உரல். "ஏங்க, உங்களுக்கு எவ்வளவு வேணும்?" என்று மனைவி கேட்டாள். "மூணு கிலோ" என்றேன். வேட்டி சட்டைக்குத்தான் என்று நினைத்துச் சரி சொல்லிவிட்டாள்.

சிம்மக்கல்லில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருப்பவன் நான். பகலில் பம்ப்செட், மிக்ஸி, சீலிங் ஃபேன். ராத்திரியில் செல்லூர் வீட்டு மொட்டை மாடியில் அமெச்சூர் ரேடியோ: உரிமம் வாங்கிக்கொண்டு, பொழுதுபோக்காக வானொலி அலையில் தூரத்து ஆட்களோடு பேசுவது. எங்களை ஹாம் என்பார்கள். ஜெனரல் கிரேடு உரிமம், வி.யு.2 என்று தொடங்கும் கால்சைன் (அலையில் என் அடையாளப் பெயர்), மோர்ஸ் தந்திக் குறியீடு பிடித்தவன். அந்த மூன்று கிலோவுக்குள் ஒரு முழு நிலையத்தையே அடைத்துவிடலாம் என்பது என் திட்டம்.

கம்பியைத் தொடுவதற்கு முன்னால் காகிதத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. நம் உரிமம் நம் எல்லைக்குள்தான் செல்லும். வெளிநாட்டில் அனுப்ப அந்த நாட்டு அனுமதி வேண்டும். ஐரோப்பாவில் செப்ட் என்று ஓர் ஏற்பாடு உண்டு. அதன் டி/ஆர் 61-01 பரிந்துரையில் சேர்ந்த நாட்டு ஹாம்கள் ஒருவர் நாட்டுக்கு இன்னொருவர் போய்க் கொஞ்ச காலம் தனி அனுமதி இல்லாமலே இயக்கலாம். இந்தியா அதில் இல்லை. ஆகவே ஜெர்மனிக்குப் போகிற மதுரைக்காரர் முன்கூட்டியே அங்கே எழுதிப் போட வேண்டும். அமெரிக்கா விஷயத்தில் நமக்கு யோகம். இரண்டு நாட்டுக்கும் பரஸ்பர ஒப்பந்தம் இருக்கிறது. அவர்களுடைய தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் விதித் தொகுப்பில் பகுதி 97, அதில் 107ஆவது விதி. விண்ணப்பமும் கிடையாது, கட்டணமும் கிடையாது. இந்தியக் குடியுரிமையும் செல்லுபடியாகும் இந்திய உரிமமும் இருந்தால் போதும். அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவருக்கும், எஃப்.சி.சி. உரிமம் ஏற்கெனவே வைத்திருப்பவருக்கும் இந்த வழி இல்லை.

ஆனால் வேலி இரண்டு. நம் உரிமம் தராத அலைவரிசையை அங்கே போய்த் தொடக்கூடாது. அவர்கள் விதி தராததையும் தொடக்கூடாது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற துண்டு நிலம்தான் நமக்கு. 40 மீட்டர் என்கிற அலைவரிசையில் (அலை நீளத்தை வைத்து வந்த பெயர்) நமக்கு 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரை, அவர்களுக்கு 7.300 வரை உண்டு, ஆனால் குரலுக்கு 7.125க்கு மேல்தான் இடம். ஆகவே குரலில் பேச எனக்கு மிஞ்சியது 75 கிலோஹெர்ட்ஸ். 2 மீட்டரில்தான் ஏமாந்தேன். நமக்கு 144 முதல் 146, அவர்களுக்கு 144 முதல் 148. அங்கே ரிப்பீட்டர்களில், அதாவது சின்ன செட்டின் குரலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையங்களில், பெரும்பாலானவை 146, 147இல் உட்கார்ந்திருக்கின்றன. ஆசையாக எடுத்து வைத்திருந்த கையடக்க செட் அன்றே அலமாரிக்குத் திரும்பியது. 300 கிராம் மிச்சம்.

ரிக், அதாவது அனுப்பவும் கேட்கவும் உள்ள ரேடியோ செட், பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு மூத்த ஹாமிடமிருந்து வந்த பழைய யேசு எஃப்.டி.817. 5 வாட், ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூட. 5 வாட்டை வைத்துக் குரலில் கத்துவதைவிட மோர்ஸில் தட்டுவது மேல். வேலையெல்லாம் ஆண்டெனாவில்தான்.

பெட்டியில் அடங்க வேண்டும், ஒரே ஆள் ஒரே மரத்தை வைத்துக் கட்ட வேண்டும். அதற்கு எண்ட்-ஃபெட்தான் தோது: அரை அலை நீளக் கம்பி, நடுவில் வெட்டாமல் ஒரு முனையில் ஊட்டுவது. சிக்கல் என்னவென்றால் அரை அலைக் கம்பியின் முனையில் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) 2,500 ஓம் பக்கம் நிற்கும். ரிக் கேட்பதோ 50 ஓம். ஏறத்தாழ 49 மடங்கு. நடுவில் ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். மின்மறுப்பு சுற்று விகிதத்தின் வர்க்கமாகப் போகும், ஆகவே 1-க்கு 7. பிரைமரி 2 சுற்று, செகண்டரி 14 சுற்று. தினமும் காயில் சுற்றுகிறவனுக்கு இது பால்வாடிக் கணக்கு. அந்த மிதப்பில்தான் வழுக்கினேன்.

கடையில் பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளைகளிலிருந்து கழற்றிய வளையங்கள் ஒரு டப்பா நிறையக் கிடந்தன. மஞ்சள் நிறம், ஒரு பக்கம் வெள்ளை. கோர் என்றால் கோர்தானே என்று 22 கேஜ் எனாமல் ஒயரை எடுத்துச் சுற்றினேன். 2, 14 போட்டதில் அளவு சரியாக வரவில்லை. 4, 28 என்று கூட்டினேன். செகண்டரியில் 2.2 கிலோ ஓமும் 220 ஓமும் தொடராகப் போட்டு நானோ வி.என்.ஏ. என்கிற மீட்டரில் பார்த்தால் எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பியதில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எண், 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 1.5க்குள் அழகாகப் படுத்திருந்தது. கடைப் பையன் எட்டிப் பார்த்து, "சூப்பர்ண்ணே, வார்னிஷ்ல முக்கிரவா?" என்றான். நல்ல வேளை, முக்கவில்லை.

அன்று இரவு மாடியில் கம்பியை இழுத்துக் கட்டி, வீட்டு ரிக்கில் 20 வாட் வைத்து 20 மீட்டரில் ஐந்து நிமிடம் விட்டு விட்டுச் சி.க்யூ., அதாவது யாராவது பதில் சொல்லுங்கள் என்று, அழைத்தேன். ஒரு பதில் இல்லை. டப்பாவைத் தொட்டால் தோசைக்கல். நான் அனுப்பிய வாட்டில் பெரும்பகுதி வளையத்தைச் சூடாக்கத்தான் போயிருக்கிறது.

காரணம் எளிது, எனக்குத்தான் வெட்கம். அந்த மஞ்சள்-வெள்ளை வளையம் 26ஆம் ரக இரும்புத்தூள் கோர். பவர் சப்ளையின் சோக்குக்காகச் செய்தது, கிலோஹெர்ட்ஸ் வேலைக்காரன். மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் வெப்பமாகத் தின்றுவிடும். 50 ஹெர்ட்ஸ் மோட்டாரின் ஸ்டாம்பிங் தகட்டை ரேடியோவுக்கு வைப்பேனா? மாட்டேன். இதையும் வைத்திருக்கக் கூடாது. எஸ்.டபிள்யூ.ஆர். நன்றாக இருக்கிறது என்பதற்கு ஆண்டெனா நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. எதையும் காற்றில் விடாத டம்மி லோடை, அதாவது வெறும் ரெசிஸ்டரைச் சொருகினாலும் மீட்டர் 1 என்றுதான் காட்டும். புதிதாக எண்ட்-ஃபெட் கட்டுகிறவர்கள் மீட்டரைப் பார்ப்பதோடு ஐந்து நிமிடம் அனுப்பிவிட்டு, அனுப்புவதை நிறுத்தியபின் கோரைத் தொட்டும் பார்க்க வேண்டும்.

சரி, முறையான கோரை ஆன்லைனில் வரவழைத்தேன். எஃப்.டி.140-43. 1.4 அங்குல வளையம், 43ஆம் ரக நிக்கல்-துத்தநாக ஃபெரைட். இந்த முறை 2, 14 அப்படியே ஒத்து வந்தது. முதல் 2 சுற்றில் இரண்டு ஒயரையும் முறுக்கிச் சேர்த்துச் சுற்றினேன். பிறகு செகண்டரி ஒயரை மட்டும் தொடர்ந்து, பாதியில் வளையத்தின் குறுக்கே தாண்டி எதிர்ப்பக்கம் மிச்சத்தை முடித்தேன். இப்படித் தாண்டினால் ஊட்டும் முனை ஒரு பக்கமும் கம்பி முனை எதிர்ப்பக்கமும் வந்து டப்பாவில் வைக்க வசதி. பிரைமரிக்குக் குறுக்கே 1 கிலோவோல்ட் தாங்கும் 100 பிகோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்று. அது இல்லாவிட்டால் 15, 10 மீட்டர்களில் அளவு கெடும். அதே 20 வாட், அதே ஐந்து நிமிடம். கை வைத்தால் வெதுவெதுப்பு. 5 வாட்டில் கோர் தூங்குகிறது.

கம்பி நீளத்துக்கு 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் கிடைக்கும். 7.05க்கு 20.28. நான் 20.6 வெட்டினேன். அதிகப்படியை நறுக்காமல் முனையில் மடித்து முறுக்கிக்கொண்டேன். மதுரை மாடியில் பக்கத்து வீட்டுக் கேபிள், கான்கிரீட் கம்பி எல்லாம் சேர்ந்து காட்டுகிற அளவு, அங்கே மரத்தடியில் காட்டாது. நறுக்கினால் நறுக்கியதுதான், மடித்தது விரியும். இன்னொன்று, 10.1 மீட்டரில் கம்பியை வெட்டி ஆண்-பெண் பின் வைத்தேன். கழற்றினால் 20 மீட்டர் அலைக்கு மட்டும், மாட்டினால் 40, 20, 15, 10 நான்குக்கும். இந்தப் பின் பிறகு என்னைப் பழிவாங்கியது.

வெயிலில் சோதனை செய்யலாம் என்றால் சித்திரைத் திருவிழா வந்துவிட்டது. அழகர் ஆற்றில் இறங்குகிற நாட்களில் செல்லூரில் தெருவுக்குத் தெரு சீரியல் செட். ஒவ்வொரு சரத்திலும் ஒரு மலிவு எல்.ஈ.டி. பவர் சப்ளை, ஒவ்வொன்றும் ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டர். ரிக்கைத் திறந்தால் சிக்னல் மீட்டரில் இரைச்சல் எஸ்-9, ஊசி இறங்கவே இல்லை. அழகரைக் குறை சொல்ல முடியுமா? நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் மைத்துனர் தோப்புக்கு மூட்டையைக் கட்டினேன். "வாங்க மச்சான், மோட்டாரு வேற இழுக்குது, அதையும் ஒரு பார்வ பாத்துருங்க" என்றார். கூலி முன்பணம் மாதிரி.

உரிமத்தில் இருப்பது என் வீட்டு முகவரி. அதனால் தோப்பில் அனுப்பவில்லை. கேட்டேன், அளந்தேன், அவ்வளவுதான். இரைச்சல் எஸ்-2. தென்னை மட்டைக்கு மேலே நூல் விட கல்லைக் கட்டி மூன்று தடவை எறிந்தேன், மூன்றும் தப்பு. தேங்காய் பறிக்க வந்த பையன் ஒரே ஏற்றத்தில் மாட்டிவிட்டு இறங்கினான்.

அங்கேதான் இரண்டாவது குறை வெளிப்பட்டது. காற்றில் கேபிள் ஆடும்போதெல்லாம் மீட்டர் 1.4இலிருந்து முடிவிலிக்குப் பாய்ந்து திரும்பியது. டப்பாவைத் திறந்து பார்த்தால் கேபிள் சொருகும் பி.என்.சி. சாக்கெட்டில் நான் வைத்த சால்டர் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருந்தது. ஈயம் ஒட்டவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறது. நிக்கல் முலாம் பூசிய உடம்பில் 25 வாட் இரும்பு போதவில்லை. கடைக்கு வந்து அரத்தால் முலாமைச் சுரண்டி, ஃபிளக்ஸ் தடவி, 60 வாட் இரும்பால் மறுபடி வைத்தேன். கண்ணாடி மாதிரி பளபளத்தது. டப்பாவில் இரண்டு துளை போட்டுக் கேபிளை நைலான் டையால் இறுக்கினேன். இழுவை இனி டைக்கு, சால்டருக்கு இல்லை. ரிக்கின் உடம்பைத் தொட்டால் அளவு மாறுவதும் அங்கேதான் தெரிந்தது: கேபிளின் வெளித்தோலே ஆண்டெனாவின் மறுபாதியாக வேலை செய்துகொண்டிருந்தது. எர்த் பக்கத்தில் 2 மீட்டர் கம்பி ஒன்றைத் தரையில் விட்டதும் அடங்கியது.

ஒரு எச்சரிக்கை, என் தொழில்காரர்களுக்கும் சேர்த்து. 5 வாட்தானே என்று கம்பி முனையைப் பிடிக்காதீர்கள். 2,450 ஓமில் 5 வாட் என்றால் 110 வோல்ட் வருகிறது. ஷாக் அடிக்காது, சுடும். தோலில் வெள்ளையாகப் புள்ளி விழும். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குப் போகிறோம், முனை எப்போதும் எட்டாத உயரத்தில்.

பேட்டரி கடையில் நானே கட்டியது ஒன்று இருந்தது. அதைக் கொண்டுபோகவில்லை. விமானத்தில் தனி லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் போகலாம், 100 வாட்-மணி வரை கேள்வி இல்லை. ஆனால் அந்த எண் பேட்டரி மேல் அச்சாகியிருக்க வேண்டும். நீல ஷ்ரிங்க் பேப்பர் சுற்றிய உருளையைப் பாதுகாப்புச் சோதனையில் நீட்டி "நானே செஞ்சது சார்" என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. 12.8 வோல்ட், 6 ஆம்பியர்-மணி, 76.8 வாட்-மணி என்று எழுதியே வருகிற இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று வாங்கினேன். சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் என்று பார்த்து வைத்தேன். சார்ஜருக்குப் பார்த்தவன் வேறு ஒன்றுக்குப் பார்க்காமல் விட்டேன்.

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் ரிக்கின் வரிசை எண்ணைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டேன். இது இருந்தால் திரும்பும்போது "வெளிநாட்டில் வாங்கியதா?" என்று கேட்டு வரி போட மாட்டார்கள். இதற்காக அரை மணி நேரம் கூடுதலாக எடுத்துக்கொண்டு போங்கள். ஸ்கேனரில் ரிக்கைப் பார்த்து நிறுத்துவார்கள் என்று பயந்தேன். நிறுத்தினார்கள், இடி உரலுக்காக.

எடிசன் ஊர்ப் பெயர் சும்மா வந்ததில்லை. அவருடைய மென்லோ பார்க் ஆய்வுக்கூடம் இருந்தது அங்கேதான். 1954இல்தான் ஊருக்கு அவர் பெயரை வைத்தார்கள். எடிசன் இளவயதில் தந்தி ஆபரேட்டர். முதல் இரண்டு பிள்ளைகளுக்கும் டாட், டாஷ் என்று செல்லப்பெயர் வைத்தவர். அந்த ஊரில் உட்கார்ந்து மோர்ஸ் தட்டுவது எனக்குக் குலசாமி கோயிலில் பொங்கல் வைத்த மாதிரி.

பூங்கா அலுவலகத்தில் மகள் போன் போட்டுக் கேட்டாள். மரத்தில் எதையும் கட்டக்கூடாது, தரையில் நட்டுக்கொள்ளலாம் என்றார்கள். 7 மீட்டர் நீளும் தூண்டில் கம்பு ஒன்று வாங்கி வேலியோடு சாய்த்து நிறுத்தினேன். மடித்து வைத்திருந்த முனையில் ஒரு சாண் விரித்தேன், 20 மீட்டரில் எஸ்.டபிள்யூ.ஆர். 1.3க்கு வந்தது.

அழைக்கும் முறையில் ஒரு நுணுக்கம். இருக்கும் இடத்தின் அடையாளம் நம் கால்சைனுக்கு முன்னால் வர வேண்டும். நியூ ஜெர்சி இரண்டாம் வட்டாரம், ஆகவே டபிள்யூ 2, ஸ்லாஷ், அப்புறம் வி.யு.2. ஒவ்வொரு தொடர்பிலும் ஒரு முறையாவது ஊரும் மாநிலமும் சொல்ல வேண்டும். மோர்ஸில் ஸ்லாஷ் டா-டி-டி-டா-டி. முப்பது வருஷத்தில் நான் அதைத் தட்டியதே இல்லை. முதல் நாள் விரல் தடுமாறி டா-டி-டி-டா என்று எக்ஸ் ஆக்கிவிட, ஒஹாயோவில் ஒருவர் என்னை நாலு தடவை திருப்பிச் சொல்ல வைத்தார். மறுநாளிலிருந்து பேத்தி வருகைக்குக் காத்திருந்த நேரத்தில் சாப்பாட்டு மேசையில் தட்டித் தட்டிப் பழகினேன். "அப்பா, போதும்ப்பா" என்றாள் மகள்.

இரண்டாவது வாரம் இணைப்புப் பின் முறிந்தது. மதுரையிலிருந்து 25 வாட் சால்டர் இரும்பைக் கொண்டுபோயிருந்தேன். சொருகினேன், காத்திருந்தேன், ஈயம் இளகவே இல்லை. 230 வோல்ட்டுக்குச் செய்ததை 120 வோல்ட்டில் போட்டால் பாதி சூடு என்றுதான் யாரும் நினைப்பார்கள். சக்தி வோல்ட்டின் வர்க்கமாகக் குறையும். கால் பங்குக்குக் கொஞ்சம் கூட, ஏறத்தாழ 7 வாட். காயில் சுற்றிப் பிழைப்பவன் மறந்த கணக்கு இது. மருமகனிடம் சொல்ல வாய் வரவில்லை. கடையில் இரண்டு திருகு வைத்த பிளாஸ்டிக் கனெக்டர் வாங்கிக் கம்பியை முடுக்கினேன். இப்போதும் அதுதான் இருக்கிறது. பின்னைவிட நல்லது என்பது என் தீர்ப்பு.

புறப்படும்போதே திருநகர் நண்பர் ஒருவரோடு ஓர் ஏற்பாடு செய்திருந்தேன். ஜூன் நடுவில் எடிசனில் சூரியன் மறைவது இரவு எட்டரை மணிக்கு. நேர வித்தியாசம் ஒன்பதரை மணி. அப்போது மதுரையில் காலை ஆறு, சூரியன் எழுகிற நேரம். இரண்டு ஊரும் ஒரே நிமிடத்தில் இருட்டும் வெளிச்சமும் சேரும் கோட்டில் நிற்கும். அந்தக் கோட்டை ஒட்டி அலைகள் தூரம் போவதை ஹாம்கள் பல காலமாகப் பார்த்திருக்கிறார்கள். சுமார் 13,700 கிலோமீட்டர், 5 வாட்.

திட்டத்தில் நான் யோசிக்காதது பூங்காவின் கதவு. இருட்டும் நேரத்துக்குப் பூட்டிவிடுகிறார்கள். எனவே மகள் வீட்டு இரண்டாம் மாடி பால்கனி, 10 மீட்டர் கம்பி மட்டும், தூண்டில் கம்பு கைப்பிடியில். மதுரை அங்கிருந்து வடகிழக்குத் திசை. பால்கனி தென்மேற்கைப் பார்த்தது. நடுவில் கட்டடம் முழுவதும். இரைச்சல் எஸ்-7, செல்லூரில் திருவிழா, இங்கே யார் வீட்டு பவர் சப்ளையோ.

ஐந்து நாள் முயன்றோம். மூன்றாம் நாள் நண்பரின் 100 வாட் எனக்கு இரைச்சலுக்கு அடியில் எறும்பு ஊர்கிற மாதிரி கேட்டது, கால்சைன் முழுதாக எடுத்தேன். என்னுடையது அவருக்குக் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் அவர் வாட்ஸப்பில் தன் பதிவேட்டைப் படம் எடுத்து அனுப்பினார்: 00.34 யு.டி.சி. (உலகப் பொது நேரம்), "டபிள்யூ 2", அதன் பிறகு ஒரு ஸ்லாஷ், அதற்குப் பிறகு கேள்விக்குறி. இது தொடர்பு ஆகாது, நானும் எழுதிக்கொள்ளவில்லை. ஆனால் ஸ்லாஷைச் சரியாகத் தட்டியிருக்கிறேன்.

பேத்தி ஆறாம் நாள் பிறந்தாள். அதற்கப்புறம் பால்கனியில் துணி காயப்போட இடம் வேண்டியிருந்தது. பூங்காவில் மொத்தம் 41 தொடர்புகள், பாதிக்கு மேல் 20 மீட்டரில். தூண்டில் கம்பு பெட்டியில் அடங்கவில்லை. மகள் வீட்டு அலமாரிக்குப் பின்னால் நிற்கிறது.